விரதத் தட்டும் ஒன்றரைக் கிலோவும்

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் நல்ல செய்தி இல்லை. பெண் வயிற்றில் இருந்தபோது எனக்குச் சர்க்கரை வந்ததைச் சொன்ன அன்றும் இப்படித்தான் கழற்றினார்.

"மூணு மாசச் சர்க்கரை ஆறு புள்ளி நாலு," என்றார் இந்தியில். "இன்னொரு குழந்தை வேணும்னு கேட்டுட்டு வந்திருக்கே. நான் வேண்டாம்னு சொல்லலை. ஆனா அரிசி, கோதுமையைக் குறைச்சு, இந்த நம்பரை ஆறுக்குக் கீழே கொண்டு வா. டிசம்பர்ல மறுபடி பார்ப்போம். இறங்கியிருந்தா மேலே பேசலாம். இல்லேன்னா மாத்திரை ஆரம்பிச்சு, குழந்தைப் பேச்சைத் தள்ளி வைப்போம்."

எனக்கு முப்பத்திரண்டு வயது முடிந்திருந்தது. பெண்ணுக்கு நாலு. அவள் பள்ளியில் எல்லோருக்கும் ஒரு தம்பியோ தங்கையோ இருக்க, தனக்கு மட்டும் இல்லை என்று தினமும் காலையில் தலை பின்னும்போது புகார் சொல்வாள். என் கணவர் எதுவும் சொல்ல மாட்டார். ஆனால் அவளுடைய பழைய தொட்டிலை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று நான் சொன்னபோதெல்லாம், "இருக்கட்டுமே, அது என்ன சாப்பாடா கேக்குது?" என்று பரணிலேயே வைத்திருந்தார்.

ஜனக்புரி வீட்டுக்குத் திரும்பும் டெல்லி மெட்ரோவிலேயே ஒரு சமையலறைத் தராசை போனில் ஆர்டர் செய்தேன். கிராம் கணக்குக் காட்டுவது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சோறும் சப்பாத்தியும் எடை போடாமல் என் தட்டுக்கு வரவில்லை. எண்ணெய் டீஸ்பூனில்தான் வாணலிக்குப் போகும். "மருந்துக்கடை மாதிரி இருக்கு," என்றார் கணவர். நான் பொருட்படுத்தவில்லை. பள்ளிக்கூடத்திலும் நான் இப்படித்தான்; டீச்சர் ஒரு பக்கம் எழுதச் சொன்னால் ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டு, அது போதுமா என்று பக்கத்துப் பெண்ணின் நோட்டை எட்டிப் பார்ப்பேன்.

சிக்கல் எல்லாம் வெளிச்சாப்பாட்டில்தான். என் ஆபீஸ் கோல் மார்க்கெட்டுக்கு அருகில். மதியம் நாங்கள் மூன்று நான்கு பெண்கள் சேர்ந்து அங்கே ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போவது வழக்கம். காலையில் பெண்ணைக் கிளப்பிப் பள்ளி வேனில் ஏற்றுவதற்குள் எனக்கு டிபன் கட்ட நேரம் இருப்பதில்லை. அதுகூடச் சாக்குத்தான். உண்மை என்னவென்றால், அந்த முக்கால் மணி நேரம்தான் ஒரு நாளில் யாரும் என்னை "அம்மா" என்றோ "மேடம்" என்றோ கூப்பிடாத நேரம். அதை விட மனம் வரவில்லை. டயட் தொடங்கிய பிறகும் போனேன். ஆனால் ஒவ்வொரு கவளத்தையும் சந்தேகத்தோடு சாப்பிட்டேன். இந்தப் பருப்பில் என்ன இருக்கிறது? இந்த ரொட்டி ஏன் பளபளக்கிறது? நான் பார்க்காத சமையலறையில் யார் டீஸ்பூன் வைத்திருக்கிறார்கள்?

அப்படியிருக்கும்போது நவராத்திரி வந்தது. கடை வாசலில் ஒரு பேனர் கட்டினார்கள். நவராத்திரி சிறப்பு விரதத் தட்டு. அரிசி இல்லை, கோதுமை இல்லை, வெங்காயம் பூண்டு இல்லை, சுத்தமான சாத்வீக உணவு.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. டாக்டர் குறைக்கச் சொன்னதே அரிசியும் கோதுமையும்தான். அவை இரண்டும் இல்லாத ஒரு சாப்பாட்டை அம்பாளே பேனர் கட்டிக் கூப்பிடுகிறாள்! போதாததற்கு அதன் பெயரில் விரதம் வேறு இருந்தது. என் பிறந்த வீட்டில் விரதம் என்றால் காலையில் ஒன்றுமில்லை, மதியம் ஒருவேளைச் சோறு, இரவில் இரண்டு வாழைப்பழம், ஒரு டம்ளர் பால். பசியைக் கொஞ்சம் மரியாதையாகச் சொல்வதற்குத்தான் அந்த வார்த்தை. ஆகவே விரதத் தட்டு என்றால் இளைக்க வைக்கும் தட்டு என்பதில் எனக்குச் சந்தேகமே எழவில்லை. எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவள் இதை மட்டும் சந்தேகப்படவில்லை.

"அரே, நீயும் விரதமா?" என்றார் என் பக்கத்து மேஜை தீதி. பஞ்சாபிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எங்கள் செக்‌ஷனுக்கே அக்கா. "உங்க மதராஸ் ஆளுங்க நவராத்திரிக்கு பொம்மைதானே வைப்பீங்க?"

"இந்தத் தடவை ரெண்டும் தீதி."

"வெரி குட்! ஆனா ரூல்ஸ் தெரியுமா? ஒன்பது நாளும் அரிசி, கோதுமை, பருப்பு, பயறு எதுவும் தொடக் கூடாது. சாதா உப்புகூடக் கூடாது, இந்துப்புதான். நடுவுல உடைச்சா தோஷம்."

ரூல்ஸ் என்றால் எனக்கு உயிர். திங்கட்கிழமை ஆரம்பித்தேன்.

தட்டு வந்தது. குட்டு என்று ஒரு விதையின் மாவில் சுட்ட கருஞ்சாம்பல் நிறப் பூரி நாலு. சீரகம் போட்ட உருளைக்கிழங்குக் கறி. ஜவ்வரிசிக் கிச்சடி, மேலே நிலக்கடலை. கெட்டித் தயிர். வறுத்த தாமரை விதை ஒரு கிண்ணம். கடைசியில் சின்னக் கிண்ணத்தில், விரத அரிசி என்று சொல்கிற ஏதோ ஒரு புல்லரிசியில் பாயசம். போனில் தேடினேன். குட்டு மிகவும் நல்லது என்றது. தாமரை விதை அதைவிட நல்லது என்றது. பூரி என்று போட்டுத் தேட எனக்குத் தோன்றவில்லை. நாலு பூரியையும் நிம்மதியாகச் சாப்பிட்டேன். தீதி இன்னும் இரண்டு வாங்கிக்கொண்டு ஒன்றை என் தட்டில் போட்டார். விரதக்காரி போட்டதை விரதக்காரி மறுப்பாளா?

வீட்டில் என் மாமியார் கொலு வைத்திருந்தார். எங்கள் வீட்டு ஹாலில் ஐந்து படி. தினம் ஒரு சுண்டல். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கி வந்த காராமணி, மொச்சை, கொண்டைக்கடலை எல்லாம் டப்பா டப்பாவாகக் காத்திருந்தன. முதல் நாள் மாலையே தொன்னையை நீட்டினார்.

"எனக்கு வேண்டாம் அத்தை. விரதத்துல பயறு, பருப்பு கூடாதாம்."

"யாரு சொன்னா?"

"ஆபீஸ்ல தீதி."

"நைவேத்தியம் பண்ணினதே சுண்டலை. அம்பாள் சாப்பிடலாம், நீ சாப்பிடக் கூடாதா? என்னம்மா ரூல் இது?"

ஆனால் குரலில் கோபம் இல்லை. கொஞ்ச நேரத்தில், நொய்டாவில் இருக்கும் தன் தங்கைக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில்தான் பேசுவார். "ஏய், இங்க என் மருமக ஒன்பது நாளும் கடுமையான விரதம். சுண்டல்கூட வாயில வைக்கலை. நான் சொல்லலை, யாரும் சொல்லலை, அதுவாவே இருக்கு. ரெண்டாவது குழந்தைக்கு வேண்டிக்கிட்டிருக்கும் போல." மறுமுனையில் சித்தி, "என் மருமக நவராத்திரிக்கு முட்டை பப்ஸ் வாங்கிட்டு வந்திருக்கா," என்று பெருமூச்சு விட்டார்.

அடுக்களையில் நின்றுகொண்டு அதைக் கேட்ட எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. போய் உண்மையைச் சொல்லலாமா? அத்தை, இது பக்தி இல்லை, டயட். சொன்னால் அவருக்கு வருத்தம். சொல்லாவிட்டால் பொய். குழந்தைக்காகத்தானே இருக்கிறேன், அந்த அளவில் அவர் சொல்வது சரிதானே? அப்படியென்றால் பாதிப் பொய்தானா? பாதிப் பொய்க்குப் பாதி தோஷமா? இதை யோசித்தே பாத்திரம் துலக்கி முடித்தேன். சொல்லவில்லை.

வெள்ளி வரை ஐந்து நாளும் விரதத் தட்டு. சனிக்கிழமை ஆபீஸ் இல்லை. ஆனால் எடுத்த விரதத்தை எப்படி விடுவது? கணவரை அனுப்பி, எங்கள் மார்க்கெட்டில் இருக்கும் ஒரு கடையிலிருந்து பார்சல் வாங்கி வரச் சொன்னேன். "அடடா, இந்த விரதம் எனக்கும் இருக்கலாம் போல இருக்கே," என்று அவர் என் டப்பாவிலிருந்து ஒரு பூரியை எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலைதான் நான் எடை பார்க்கும் நாள். ஆறு நாள் விரதத்துக்குப் பிறகு எவ்வளவு குறைந்திருக்கும் என்று ஒரு சின்ன சந்தோஷத்தோடு மிஷின் மேல் ஏறினேன்.

ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது.

இறங்கி மறுபடி ஏறினேன். மிஷினை வேறு டைல்ஸுக்கு மாற்றினேன். பாட்டரி மாற்றினேன். கம்மலையும் வளையலையும் கழற்றி வைத்தேன். பெண்ணை ஏற்றிப் பார்த்தேன். அவள் போன வாரம் எவ்வளவோ அவ்வளவேதான் இருந்தாள். மிஷின் மேல் குற்றமில்லை.

அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எண் இறங்குவதற்குப் பதிலாக ஏறிக்கொண்டிருக்கிறது. டிசம்பரில் டாக்டர் கண்ணாடியைக் கழற்றப் போகிறார். அதற்குள் கணவர் முந்தின நாள் போலவே மதியப் பார்சலை வாங்கி வந்துவிட்டார். தலைவலி என்று சொல்லி, திறக்காமலேயே ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

மாலையில் கீழ்வீட்டு சிஸ்டர் கொலு பார்க்க வந்தாள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். நாகர்கோவில் பக்கம். கிறிஸ்தவப் பெண், வருஷா வருஷம் எங்கள் கொலுவுக்கு வந்து ஒரு பாட்டும் பாடிவிட்டு, இரண்டு தொன்னை சுண்டலும் வாங்கிக்கொண்டு போவாள். கிறிஸ்துமஸுக்குக் குடிலில் வைக்க எங்கள் மாமியாரிடம் ஒட்டக பொம்மையைக் கடன் வாங்குகிற அளவுக்கு நெருக்கம். கட்டடமே அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். என் முகத்தைப் பார்த்ததும் அடுக்களைக்குள் வந்துவிட்டாள்.

"எக்கா, என்ன மொகம் இப்படி இருக்கு?"

சொன்னேன். ஆறு நாள், விரதம், ஒன்றரைக் கிலோ, ஃப்ரிட்ஜில் திறக்காமல் இருக்கும் பார்சல்.

"விரதத்துல என்னத்தத் திங்கிய?"

வரிசையாகச் சொன்னேன். குட்டுப் பூரி, உருளைக்கிழங்கு, சாபுதானா கிச்சடி என்று வந்தபோது கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நில்லுங்க. சாபுதானான்னா ஜவ்வரிசில்லா?"

"ஆமா."

"ஜவ்வரிசி எதுல செய்யுதாவன்னு தெரியுமா?"

நான் விழித்தேன். ஜவ்வரிசி ஜவ்வரிசியில்தான் செய்வார்கள் என்பதுபோல் இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன்.

"மரச்சீனிக் கெழங்குலக்கா, நீங்க மரவள்ளிம்பியளே, அதுல! எங்க ஊருல அத அவிச்சு, மீன் கொழம்பு ஊத்தி காலையில தின்னா சாயங்காலம் வரைக்கும் பசிக்காது. வயல்ல வேலை செய்யுதவங்க சாப்பாடு அது. நீங்க அத நெய்யில வறுத்து, கடலைய அள்ளிப் போட்டு, பக்கத்துல உருளக்கெழங்க வச்சு, எண்ணெயில பொரிச்ச பூரியோட தின்னுட்டு, டயட்டுங்கியளே! கெழங்குக்குக் கெழங்கு தொட்டுக்கவா?"

"அரிசி கோதுமை இல்லையே சிஸ்டர்…"

"வெஷத்துலகூடத்தான் அரிசி கோதும இல்ல. அதத் திம்பியளா? இன்னைக்கு வாங்கினத எடுங்க பாப்போம்."

ஃப்ரிட்ஜைத் திறந்து பார்சலை எடுத்தேன். கறி டப்பாவின் மூடியைத் திறந்தேன். மதியம் சூடாக வந்தபோது மினுமினுப்பாக மட்டும் இருந்திருக்கும் ஒன்று, குளிரில் உறைந்து, உருளைக்கிழங்கின் மேல் வெளிர் மஞ்சள் போர்வையாகப் படுத்திருந்தது. கிச்சடி முழுவதும் ஒரே கட்டியாக, தட்டினால் டக்கென்று சத்தம் வந்தது.

"தராச எடுங்க," என்றாள்.

அதன் பிறகு நடந்தது ஒரு சின்ன ஆபரேஷன். சிஸ்டர் கரண்டியால் உறைந்த நெய்யை வழித்து ஒரு கிண்ணத்தில் வைத்தாள். பூரியைப் பழைய பேப்பரில் வைத்து இரண்டு பக்கமும் அழுத்தினாள். பேப்பரில் கீழே இருந்த செய்தியெல்லாம் படிக்கும்படி தெரிந்தது. தாமரை விதையைக் கையில் தேய்த்து, "பாருங்க, கிரீம் போட்டாப்புல இருக்கு," என்று உள்ளங்கையைக் காட்டினாள். பாயசத்தை மட்டும் ருசி பார்த்தாள். "இது நல்லாத்தான் இருக்கு. சர்க்கரை ஒரு ஆறு ஸ்பூன் இருக்கும்." வழித்த நெய் மட்டும் இருபத்திரண்டு கிராம். வீட்டில் நான் மூன்று டீஸ்பூன் எண்ணெயில் நாலு பேருக்குச் சமைத்துக்கொண்டிருக்கிறேன்.

என் பெண் நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்தாள். "மம்மா, துகான் துகான் கேல் ரஹே ஹோ? எனக்கும்!" கடை விளையாட்டு என்று நினைத்துவிட்டாள்.

சத்தம் கேட்டு மாமியார் வந்தார். மேஜையில் தராசு, எண்ணெய்ப் பேப்பர், பிரித்துப்போட்ட பூரி. "கொலுவுல செட்டியார் கடை வச்சது போதாதுன்னு இங்க இன்னொரு கடையா? சாமிக்கு விரதம் இருக்கிற சாப்பாட்டைத் தராசுல வச்சுப் பிரிச்சுப் போட்டிருக்கீங்களே, என்ன இது?"

இனி மறைத்துப் பயனில்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். இது வேண்டுதல் இல்லை, அத்தை. டாக்டர் சொன்ன எண்ணுக்காக. விரதம் என்றால் இளைக்கும் என்று நினைத்துவிட்டேன். நீங்கள் சித்தியிடம் பெருமையாகச் சொன்னபோதே சொல்லியிருக்க வேண்டும், தைரியம் வரவில்லை.

மாமியார் பூரியைப் பார்த்தார். பேப்பரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அதான் நானும் யோசிச்சேன்," என்றார். "தினம் சாயங்காலம் நீ வாசல்ல வரும்போதே புடவையில நெய் வாசனை கமகமன்னு வரும். வடநாட்டு விரதம் இப்படித்தான் போலன்னு பேசாம இருந்தேன்."

சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பினாள். அவள் தோள் குலுங்கியது. அடுத்து மாமியார் சிரித்தார். எனக்கு அழலாமா சிரிக்கலாமா என்று முடிவு செய்யக் கொஞ்சம் நேரம் பிடித்தது. நான் எதையும் உடனே முடிவு செய்கிறவள் இல்லை.

"இனிமே சுண்டல் சாப்பிடலாமா அத்தை? நடுவுல உடைச்சா தோஷம்னு…"

"அம்பாளுக்குப் படைச்சதைச் சாப்பிட்டா தோஷமாம்! தின்னு முதல்ல. மத்தியானமும் ஒண்ணும் தின்னலை."

அன்று கொண்டைக்கடலைச் சுண்டல். சிஸ்டர் அதையும் விடவில்லை, எடை போட்டு, தேங்காய்த் துருவலைக் கண்ணால் அளந்து, "ஆறு நாளா வீட்டுல வச்சுக்கிட்டே வேண்டாம்னு சொன்னது இதையா? எங்க வார்டுல சுகர் பேஷன்ட்டுக்குக் குடுக்கதே இந்த மாதிரிதான்," என்றாள். நின்றபடியே இரண்டு தொன்னை சாப்பிட்டேன். கடுகும் மாங்காயும் நாக்கில் பட்டபோது, ஒரு வாரமாக எதையோ தொலைத்திருந்த மாதிரி இருந்தது. எண்ணெய் பிழிந்த மிச்சத் தட்டை ராத்திரி சாப்பாட்டுக்கு என் கணவர் சூடுபடுத்திச் சாப்பிட்டுவிட்டார். "சாட்சியை அழிக்கறேன்," என்றார்.

திங்கட்கிழமை தீதியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் அதிர்ச்சி அடைவார் என்று நினைத்தேன். அவர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"டயட்டுக்கா இருந்தே? ஹாய் ராம்! நான் பக்தின்னு நெனச்சேன். அடி பைத்தியமே, நவராத்திரியில யாராவது இளைச்சு நீ பாத்திருக்கியா? எனக்கு வருஷத்துக்கு ரெண்டு நவராத்திரி, ரெண்டு தடவையும் ரெண்டு ரெண்டு கிலோ ஏறும். எங்க தெருவுக்கே தெரியும். அதுக்கப்புறம்தான் நாங்க டயட் ஆரம்பிப்போம்!"

டெல்லி முழுவதற்கும் தெரிந்த ஒன்று, பத்து வருஷமாக டெல்லியில் இருக்கிற எனக்குத் தெரியவில்லை. யாரும் மறைக்கவும் இல்லை. அதுதான் எனக்கு உறைத்தது. வெளிச்சாப்பாட்டில் யாரும் எதையும் ஒளித்து வைப்பதில்லை. அவர்கள் ருசியாக இருக்கட்டும் என்று போடுகிறார்கள், நான் என் மனசுக்குப் பிடித்த பெயரை வைத்து மூடிவிடுகிறேன். விரதம் என்று ஒரு மூடி. நம்ம ஊர் சாப்பாடு என்று இன்னொன்று. மசால் தோசையை நான் எத்தனை வருஷம் லேசான டிபன் என்று நம்பியிருந்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பாக்கி இருந்தது இரண்டு மாதமும் கொஞ்சமும். அந்த மதிய முக்கால் மணி நேரத்தை நான் விடவில்லை. அதே கடைக்குத்தான் போனேன். ஆனால் கேட்க ஆரம்பித்தேன். கேட்பது எனக்குச் சுலபமான காரியம் இல்லை. சர்வர் தப்பாக நினைப்பாரோ, பின்னால் நிற்கிறவர்களுக்கு நேரமாகுமோ என்று தொண்டையிலேயே நிற்கும். முதல் நாள் பலமுறை மனசுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டு, "அண்ணா, பருப்புல நெய் போடாதீங்க," என்றேன். பருப்பு வந்தது. அதே பளபளப்பு.

"நெய் வேண்டாம்னேனே?"

"நெய் போடலை மேடம்," என்றார் அவர், ஒரு குறையும் வைக்காதவரின் பெருமையோடு. "வெண்ணெய் போட்டிருக்கு."

தீதிக்குப் புரையேறிவிட்டது.

அடுத்த தடவை வேறு மாதிரி கேட்டேன். தாளிப்பைப் பருப்பில் கொட்டாமல் தனியாகக் கிண்ணத்தில் கொண்டுவரச் சொன்னேன். கொண்டுவந்தார். ஒரு சின்ன ஸ்டீல் கிண்ணம். அதில் முக்கால் அளவு நெய். நெய்யில் இரண்டு மிளகாய் வற்றலும் கொஞ்சம் சீரகமும் மிதந்தன. நாங்கள் நாலு பேரும் தலையைக் குனிந்து அதை எட்டிப் பார்த்தோம், கிணற்றைப் பார்ப்பதுபோல. "இது தினம் எனக்குள்ளே போயிட்டிருந்ததா?" என்றார் தீதி மெதுவாக. நான் அதில் ஒரு ஸ்பூன் எடுத்துப் பருப்பில் விட்டுக்கொண்டேன். மணம் அப்படியே இருந்தது. அன்றிலிருந்து எங்கள் மேஜைக்குத் தாளிப்பு தனியாகவே வரும்; ரொட்டி மேலே எதுவும் தடவாமல் வரும். நான் வீட்டிலிருந்து ஒரு டப்பா சுண்டல் கொண்டுபோவேன். நவராத்திரி முடிந்த பிறகும் மாமியார் விடாமல் சுண்டல் செய்தார். தீதிக்காக நாளடைவில் டப்பா பெரிதாகியது.

நடுவில் ஒரு பயம் வந்தது. ஒருநாள் மாலை, என் பெண் தன் தட்டிலிருந்த சப்பாத்தியை எடுத்துக்கொண்டு போய்த் தராசில் வைத்தாள். "மம்மா, யே ஜ்யாதா ஹை," என்று பாதியைக் கிழித்துத் திருப்பிக் கொடுத்தாள். அதிகமாம். நாலு வயசு, எலும்பும் தோலுமாக இருக்கிறவள்! நான் என்ன செய்துவைத்திருக்கிறேன்? அன்றைக்கே தராசைப் பரணில், தொட்டிலுக்குள் வைத்துவிட்டேன். தேவைப்பட்டால் அவள் பள்ளியில் இருக்கும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எடுக்கவே இல்லை. அதற்குள் கண்ணும் கையும் பழகியிருந்தன. அந்தச் சப்பாத்தியில் நெய் தடவி, சர்க்கரை தூவி, சுருட்டி அவள் கையில் கொடுத்தேன். என் எண் வேறு, அவள் எண் வேறு.

டிசம்பரில் ரத்தம் கொடுத்துவிட்டு, டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது கை சில்லிட்டிருந்தது. குளிர்தான் என்று கணவரிடம் சொன்னேன். போன வாரம் ஆபீஸில் ரிடையர்மென்ட் பார்ட்டியில் ஒரு குலாப்ஜாமுன் சாப்பிட்டேன், அது காட்டிக்கொடுக்குமோ? இரண்டா சாப்பிட்டேன்? ஒன்றரை.

உள்ளே டாக்டர் ரிப்போர்ட்டைப் பிரித்தார். நான் தாளைப் பார்க்கவில்லை, கண்ணாடியைத்தான் பார்த்தேன். அது மூக்கிலேயே இருந்தது.

"அஞ்சு புள்ளி ஒன்பது."

"ஆறுக்குக் கீழதானே டாக்டர்?"

"அஞ்சு புள்ளி ஒன்பது ஆறுக்குக் கீழதான்." சிரித்தார். "கொஞ்சம்தான் கீழே. இப்படியே போ, விட்டுடாதே. என்ன பண்ணினே?"

பதற்றத்தில் எனக்குச் சுருக்கமாகச் சொல்ல வராது. விரதத் தட்டிலிருந்து ஆரம்பித்து, ஒன்றரைக் கிலோ, ஃப்ரிட்ஜ், தாளிப்புக் கிண்ணம் வரை எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் நடுவில் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"குட்டு உடம்புக்கு நல்லதுதானே?" என்றார்.

"ரொட்டியா சுட்டா நல்லதுதான் டாக்டர். பொரிச்சா…"

"எங்க வீட்டுல பூரிதான் பண்ணுவோம்," என்றார். பிறகு சீட்டில் ஒரு மாத்திரை எழுதினார். எண் இறங்கியும் சர்க்கரை மாத்திரையா? படித்துப் பார்த்தேன். ஃபோலிக் ஆசிட். பெண் பிறப்பதற்கு முன்னால் எழுதிக்கொடுத்த அதே மாத்திரை.

"இன்னையிலேர்ந்து ஆரம்பி," என்றார். "மத்ததுக்கு என் சீட்டு தேவையில்லை."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவருக்குக் காது சிவந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறி, தொட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தும்மிக்கொண்டே இறங்கினார். "தராசு உள்ளே தூங்குது," என்றார்.

மாமியார் அதற்குள் நொய்டாவுக்கு போன் போட்டுவிட்டார். ஸ்பீக்கரில்.

"நம்பர் இறங்கிடுச்சு! டாக்டரே சரின்னுட்டாங்க. எல்லாம் அந்த நவராத்திரி விரதம்தான். அம்பாள் கைவிடலை."

நான் ஹாலில் நின்று வாயைத் திறந்தேன். அத்தைக்குத்தான் எல்லாம் தெரியுமே! அவரே அந்தப் பேப்பரைப் பார்த்தாரே! மாமியார் என்னைப் பார்த்துக் கையால் "சும்மா இரு" என்று காட்டினார். யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. அந்த விரதம் இருந்திராவிட்டால் அந்தப் பார்சல் இல்லை, ஃப்ரிட்ஜ் இல்லை, தாளிப்புக் கிண்ணத்தை நான் எட்டிப் பார்த்திருக்கவே மாட்டேன். பேசாமல் இருந்துவிட்டேன்.

"அப்படியா?" என்றது சித்தியின் குரல். "என் மருமகளுக்கும் டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்லியிருக்காங்க. மார்ச்ல அடுத்த நவராத்திரி வருதில்ல? ஒன்பது நாளும் இருக்கச் சொல்றேன். அவ ஆபீஸ் பக்கத்துலயே நல்ல விரதச் சாப்பாடு கிடைக்குதாம்."

மாமியாரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் மெதுவாக ஸ்பீக்கரை அணைத்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். நான் என் போனை எடுத்து, நொய்டாவில் இருக்கும் அந்தப் பெண்ணின் நம்பர் என்னிடம் இருக்கிறதா என்று தேடினேன்.